பாதியில் விட்ட வலம்

மே 6, சனி

இந்த வீட்டில் சோறு வடிக்கத் தெரிந்த ஆள் இல்லை. மாப்பிள்ளை அரிசியை முக்கால் வேக்காட்டில் இறக்கி வைத்துவிட்டு, அதுதான் பதம் என்று சாதிக்கிறான். பல்லில் நறுக்கென்று கடிபடுகிறது. நான் வந்த மறுநாளே அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை பெயர் மத்தேயோ. ஏரியில் ஓடும் பயணிகள் படகில் வேலை, இப்போது லீவு. நல்ல பையன்தான். அப்படிச் சொல்ல எனக்கு ஐந்து வருடம் பிடித்தது, அது வேறு கதை. அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு இத்தாலி பாஷை வராது. என்னை 'ஆப்பா' என்கிறான். நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் ராஜபாளையத்தில் கிடையாது. நடுவில் என் மகள் தங்கம் இருந்து இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுப்பாள்.

ஆவுடைத்தங்கம் என்று என் அம்மா பெயரைத்தான் மகளுக்கு வைத்தேன். இங்கே எல்லோருக்கும் அவள் தங்கம். முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். தலைக்குள் கட்டி. பனிக்காலத்தில் ஒருமுறை அறுத்து எடுத்தார்கள், திரும்ப வந்துவிட்டது. இனி ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். வேண்டாம் என்றால் தேவைப்படாது என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தினமும் ஒரு நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறாள். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு அனுப்பியிருப்பதே நல்ல சேதி.

மே 8, திங்கள்

ஜன்னலுக்கு ஒரு பக்கம் கோமோ ஏரி, மறுபக்கம் கார்னோ என்று ஒரு மலை. செங்குத்தாக நிற்கிறது. தங்கம் மலைப் பக்கமே தலையைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நானும் அவனும் ஞாயித்துக்கிழமையானா அதுலதான்ப்பா கெடப்போம். சர்ச்சுப் பின்னாடி ஏறுற பாதை. மேல ஒர்னெல்லான்னு ஒரு அம்மா சத்திரம் மாதிரி வச்சிருக்கா. மலையச் சுத்திக் கெளம்புன எடத்துக்கே வந்துரலாம்."

"கிரிவலம் மாதிரின்னு சொல்லு."

"அப்படியே வச்சுக்கோயேன்" என்று சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் பின்தங்கித்தான் சிரிக்கிறது.

மில்லில் ஃபிட்டராக இருந்த காலம் முழுக்க அமாவாசைக்கு அமாவாசை சதுரகிரி ஏறியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இங்கே வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி? சதுரகிரி மகாலிங்கத்தை நினைத்து, தங்கத்தின் மஞ்சள் கைக்குட்டையில் ஒரு நாணயத்தை முடிந்தேன். ஒன்பது முறை இந்த மலையை வலம் வருகிறேன், என் பிள்ளையை எழுப்பி உட்கார வை என்று வேண்டிக்கொண்டேன். மலை எந்த நாட்டில் இருந்தால் என்ன, அவனுக்குத் தெரியாத மலையா?

வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது. இங்கே எழுதியதோடு சரி.

மே 9, செவ்வாய்

முதல் சுற்று முடிந்தது.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பலகையில் அம்பு போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் போனால் மலை இடது கைப்பக்கம் வரும். நமக்கு அது ஆகாது. இடமாகச் சுற்றுவது சாவுக்கு, கொள்ளிக்குடம் எடுத்துக்கொண்டு. பிள்ளைக்காக நடக்கிறவன் அப்படி நடப்பானா? அம்புக்கு எதிர்ப்பக்கம் திரும்பி, மலையை வலது கைக்கு வாங்கிக்கொண்டு ஏறினேன்.

அந்தப் பக்கம் முதலில் மரக்காடு. சருகுப் பாதை, ஏறுவது தெரியாமல் ஏறலாம். சத்திரத்தைத் தாண்டியதும் பாறை. அதற்கப்புறம் ஒரே சரிவு. பிடித்துக்கொள்ளப் பாறையில் சங்கிலி அடித்திருக்கிறார்கள். ஏணியில் இறங்குகிற மாதிரி மலைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, காலால் தடவித் தடவி இறங்கினேன். கீழிருந்து வந்த ஒரு கூட்டம் பாறையோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழி விட்டது. ஏதோ சொன்னார்கள். வணக்கம் வைத்துவிட்டு வந்தேன்.

கீழே ஏரி கிடந்தது. பார்க்கவில்லை. வேண்டுதலுக்கு நடக்கிறவன் வேடிக்கை பார்க்கக்கூடாது.

வீட்டுக்கு வந்தபோது தங்கம் தூங்கிவிட்டாள்.

மே 10, புதன்

தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. கக்கூசில் உட்கார்ந்து எழுவதற்குள் உயிர் போகிறது.

மே 13, சனி

இரண்டாம் சுற்று. சத்திரத்துக்கார ஒர்னெல்லா என்னைப் பிடித்துக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும். வேலை செய்து காய்ப்பு ஏறிய கை. சங்கிலிப் பக்கம் விரலைக் காட்டி, தலையை ஆட்டி, கையைக் கவிழ்த்து ஒரு ஆள் உருண்டு விழுவதை அப்படியே நடித்துக் காட்டினாள். நானும் கையாலேயே மலையைச் சுற்றிக் காட்டி, நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, உள்ளே போய் ஒரு வாய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கஷாயம் தோற்றது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

சாயங்காலம் தங்கத்திடம் சேதி போயிருக்கிறது. ஒர்னெல்லா போன் போட்டாளாம்.

"ஏம்ப்பா, ஏறுறதுக்குப் போட்ட சங்கிலியில நீ எறங்குறியாமே? எல்லாரும் பயந்து கெடக்காங்க."

"சதுரகிரியில எறங்காத எறக்கமா தாயி?"

"இன்னைக்கு உன்கூடப் பேசணும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"நாளைக்குப் பேசுவோம், ரெஸ்ட் எடு" என்றேன். கால் நோவுக்கு வெந்நீர் போட வேண்டியிருந்தது.

மே 17, புதன்

மூன்றாவது சுற்று. பலன் தெரிகிறது.

தங்கம் இப்போது நிறையத் தமிழ் பேசுகிறாள். நான் வந்த புதிதில் நான்கு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை இத்தாலியாக வரும். இன்று நர்ஸ் ஏதோ கேட்டதற்குக்கூட "நல்லா இருக்கேன்" என்று தமிழிலேயே பதில் சொன்னாள். பத்து வருடமாக அயல்நாட்டில் இருந்தவள் வாயில் நம் பேச்சு திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தேன். அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். பொறாமை போல.

ரசம் வைத்தேன். இங்கத்தித் தக்காளியில் புளிப்பே இல்லை.

மே 21, ஞாயிறு

நான்காவது சுற்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரே மலையில் இருந்தது. எல்லோரும் எதிரே வருகிறார்கள், நான் ஒருவன் அவர்களுக்கு எதிரே போகிறேன். ஒதுங்கி ஒதுங்கியே பாதி நாள் போயிற்று. ஒரு குழந்தை அப்பன் தோளில் உட்கார்ந்து வந்தது. என்னைப் பார்த்துக் கையாட்டியது. தங்கத்தை நானும் அப்படித்தான் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தூக்கிப் போவேன். சங்கிலியில் இறங்கும்போது அந்த நினைப்பு வந்து கால் ஒரு தரம் வழுக்கிவிட்டது. முழங்கையில் தோல் போனது. வீட்டில் சொல்லவில்லை.

மே 24, புதன்

மழை. வெளியே போக முடியவில்லை.

காலையில் சமையலறைக் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினேன். பிறகு பால்கனிக் கதவின் கீல் சத்தம் போட்டது, எண்ணெய் விட்டேன். பிறகு பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்தேன். முன்னறையிலிருந்து தங்கம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, இங்க வந்து உக்காரேன்."

"இந்தா வந்துட்டேன் தாயி. இது ஒன்ன முடிச்சுட்டு."

போய் உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். கையில் கனமே இல்லை. நர்ஸ் போட்ட ஊசியின் தடம் வரிசையாகப் பச்சை கட்டியிருந்தது. ஜன்னலில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தேன். அந்த ஜன்னலுக்கு மேல் ஓட்டை ஏதும் இருக்குமோ என்று தோன்றியது, எழுந்து போய்ப் பார்த்தேன். ஓட்டை இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை தன் போனை அவள் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தான். பேசினால் மொழிபெயர்த்துச் சொல்கிற ஏற்பாடாம். எங்கள் ஊர்ப் பேச்சு, அதுவும் குழறிக் குழறி வருகிற பேச்சு, அதற்கு ஏறவில்லை. போன் ஏதேதோ உளறியது. அவன் அதை மூடி வைத்துவிட்டு அவள் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டான். நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். இத்தாலி பாஷையை அவள் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அந்தப் பாஷை அவளை விட்டே போய்விட்டது போலிருக்கிறது.

மே 28, ஞாயிறு

விடிந்ததும் ஷூவை மாட்டினேன். தங்கம் விழித்திருந்தாள். இன்று பேச்சு கொஞ்சம் தெளிவு.

"அப்பா. எனக்காகச் சுத்துறியா?"

குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கினேன்.

"எனக்குத் தெரியும். இங்க உக்கார உனக்குப் பயம். அம்மா படுத்திருந்தப்பவும் நீ டபுள் ஷிப்ட் பாத்த. சித்திதான் அம்மாகூட இருந்துச்சு."

"மில்லுல ஆள் பத்தலை தாயி, அப்ப."

"சரிப்பா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சரிப்பா என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மலைக்குப் போனேன். ஏழாவது சுற்று, நடுவில் இரண்டு போனதை இங்கே எழுத விட்டுப்போயிற்று. வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதானே. பாதியில் விட்டால் அது பிள்ளையைத்தான் பிடிக்கும்.

ஜூன் 1, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

எட்டாவது சுற்றுக்குக் கிளம்பினேன். மரக்காட்டைத் தாண்டிச் சத்திரத்தை நெருங்கும்போதே ஒர்னெல்லா வாசலில் நின்று இரண்டு கையையும் வீசினாள். என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கே வயர் போட்ட பழைய போன், ரிசீவர் மேஜையில் கிடந்தது. என் செல்போனுக்கு மலையில் சிக்னல் கிடையாது, அதனால் மாப்பிள்ளை இங்கே கூப்பிட்டிருக்கிறான்.

"ஆப்பா, ஆப்பா" என்றான். அப்புறம் "தங்கம் தமிழ்" என்றான். குரல் உடைந்துபோயிருந்தது. போனை அவளிடம் கொடுத்துவிட்டான் போல. முதலில் மூச்சுத்தான் கேட்டது.

"அப்பா... எங்கப்பா போன?"

"இங்கதான் இருக்கேன் தாயி."

"முதுகு. மல்லாக்கப் போட்டுட்டாங்க. முதுகு எரியுதுப்பா. சொல்றேன், யாருக்கும் புரிய மாட்டேங்குது. திருப்பிப் போடச் சொல்லுப்பா."

அழவில்லை. அழுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். புருஷன் பக்கத்திலேயே இருக்கிறான், தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறான், ஜன்னலை மூடிப் பார்த்திருக்கிறான், திறந்து பார்த்திருக்கிறான். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை போனை வாங்கினான். நான் சொல்ல வாயெடுத்தேன். முதுகுக்கு இத்தாலி பாஷையில் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரு மாதமாக இந்த நாட்டுக்காரர்களோடு நான் கையால்தான் பேசியிருக்கிறேன். போனில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "பேக், பேக்" என்று இங்கிலீஷில் கத்தினேன். அவனுக்குப் புரியவில்லை. அவனும் அழுகிறான்.

அப்போதுதான் ஒர்னெல்லா பக்கம் திரும்பினேன். அவள் முன்னால் குனிந்து என் முதுகைத் தட்டிக் காட்டினேன். எரிகிறது என்பதற்கு அடுப்பைக் காட்டினேன். பிறகு அந்தச் சத்திரத்துத் தரையிலேயே மல்லாந்து படுத்து, ஒருக்களித்துத் திரும்பிக் காட்டினேன். சாப்பிட வந்தவர்கள் கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒர்னெல்லா ரிசீவரில் மடமடவென்று சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ நகரும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கத்தின் குரல், "ஆங்... ஆங்... போதும்" என்று. ஒர்னெல்லா என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள்.

வெளியே வந்து நின்றேன். சங்கிலி வழியாகப் போனால் வலம் முடியும், எட்டு ஆகிவிடும். ஆனால் அது சுற்று வழி, இறங்கவும் நேரம் பிடிக்கும். வந்த வழியே திரும்பினால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம். திரும்பினால் மலை இடது கைக்கு வந்துவிடும். பாதி வழியில் திரும்பியவனை நான் சதுரகிரியில் பார்த்ததே இல்லை.

திரும்பினேன்.

காட்டுக்குள் ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். இன்று யாரும் எனக்கு ஒதுங்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் நான் போகிற பக்கமே போனார்கள். மகாலிங்கமே மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. அவள் முதுகைத் தவிர வேறு எதுவும் என் நினைப்பில் இல்லை.

ஜூன் 2, வெள்ளி

போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 4, ஞாயிறு

எனக்கு இப்போது உத்தியோகம் வந்துவிட்டது. தங்கம் தமிழில் சொல்வாள், நான் கையால் சொல்வேன், மாப்பிள்ளை செய்வான். தலையணையை உயர்த்து, உதட்டைத் துடை, வெளிச்சத்தைக் குறை. சில சமயம் அவன் திருப்பிக் கேட்கச் சொல்வான். அவளுக்கு வலிக்கிறதா என்று கேட்க, முகத்தைச் சுளித்துக் காட்டுவான். நர்ஸ்கூட என்னைப் பார்த்துத்தான் கேட்கிறாள். முப்பது வருடம் இயந்திரத்தோடு பேசியவன் நான், இவ்வளவு பேர் என் வாயைப் பார்த்து நின்றதில்லை.

மத்தியானம் தங்கம் கண்ணைத் திறந்து, "மேல பூத்திருச்சாப்பா?" என்றாள்.

"பாக்கலியே தாயி. குனிஞ்சே நடந்தேன்."

"ஏரி?"

"அதையும் பாக்கல."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "என்னத்தப்பா சுத்துன?"

சரி, வா, போவோம் என்றேன். அவள் போகிற வழியிலேயே, அம்பு காட்டுகிற பக்கமே. போர்வைக்குள் அவள் முழங்கால் மேடாக நின்றது. அதுதான் மலை என்று வைத்துக்கொண்டு, விரலால் பாதை போட்டேன். சர்ச்சு, பாலம், சங்கிலி. சங்கிலியில் ஏறும்போது அவள், "தொட்டி" என்றாள். "சங்கிலிக்கு மேல தொட்டி. மாடு தண்ணி குடிக்கும்." அத்தனை முறை போயிருக்கிறேன், அங்கே ஒரு தொட்டி இருப்பது எனக்குத் தெரியாது. மாடு தண்ணீர் குடிப்பதை மாப்பிள்ளைக்கு நடித்துக் காட்டினேன். அவன் உடனே தலையாட்டினான். அவன் விரலும் வந்து சேர்ந்துகொண்டது. தொட்டியில் கை நனைத்தான், அவள் நெற்றியில் தெளித்துக் காட்டினான். அப்படித்தான் செய்வார்களாம் போல. இரண்டு பேரும் அவளைச் சத்திரம்வரை கூட்டிப் போனோம். அங்கேயே தூங்கிவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. எழுந்து போகவில்லை, அங்கேயே அழுதேன்.

ஜூன் 7, புதன்

பேச்சு குறைந்துவிட்டது. நாற்காலியிலேயே இருக்கிறேன். மாப்பிள்ளை இரண்டு நாளாக வாயில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. வைத்த சோறு வைத்தபடி காய்கிறது. எனக்கும் கோபம்தான், ஆனால் யார் மேல் காட்டுவது?

ஜூன் 8, வியாழன்

சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். மாப்பிள்ளை அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அவன் சாப்பிடலப்பா. ஏதாவது செஞ்சு குடு."

"குடுக்கேன் தாயி."

அதற்கப்புறம் பேசவில்லை.

ஜூன் 9, வெள்ளி

விடியும்போது தங்கம் போய்விட்டாள். என் கை அவள் முதுகுக்கு அடியில் இருந்தது.

ஜூன் 10, சனி

இங்கே உடலை உடனே எடுக்க மாட்டார்களாம். முன்னறையிலேயே வைத்திருக்கிறார்கள். ஊரில் ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள், அவள் கையைத் தொடுகிறார்கள், போகிறார்கள். யாரும் சத்தம் போட்டு அழவில்லை. ஒர்னெல்லா மலையிலிருந்து இறங்கி வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போன பிறகு மாப்பிள்ளை அவள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தான். கண் உள்ளே போய்விட்டது. என்னைப் பார்த்து, அவள் உதட்டைக் காட்டி, கையை விரித்தான். கடைசியாக அவள் அவனைப் பார்த்துக்கொண்டு பேசினாள் அல்லவா? என்ன சொன்னாள் என்று கேட்கிறான்.

இதற்கு எனக்கு வார்த்தை தெரியும். இந்த நாட்டுக்கு வந்த அன்றே கற்றுக்கொண்ட வார்த்தை, சாப்பிடு என்பதற்கு.

"மாஞ்சா" என்றேன். அவனைக் காட்டினேன். "தங்கம் சொன்னா. மாஞ்சா."

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

சாவு வீட்டில் உடலை எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைக்கக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து வந்தால்தான் உண்டு, அதையும் சொந்தக்காரன் தொட மாட்டான். என் அப்பனுக்கும் அப்படித்தான், பெண்டாட்டிக்கும் அப்படித்தான் இருந்தேன். என் மகள் முன்னறையில் கிடக்கிறாள். நான் அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அரிசியை அவனுக்குப் பிடித்த பதத்தில், முக்கால் வேக்காட்டில் இறக்கினேன். தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கே போனேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து நீட்டினேன்.

"மத்தேயோ" என்று கூப்பிட்டேன். "வாயத் திற."

திறந்தான்.